வைஃபை மறைந்த வேளையில்: மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பைச் சீர்செய்யும் முறை

மாதத்தின் 20-ஆம் நாள், இரவு ஒன்பது மணி. சிறு வணிகம் நடத்தும் ஒருவர் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து வரியைச் செலுத்துவதற்காக மடிக்கணினியைத் திறக்கிறார். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்குப் பொதுவாக அதுவே கடைசி நாள். திரையின் வலது கீழ் மூலையில் விசிறிபோல் விரிந்து நிற்கும் வைஃபை குறி அன்று அங்கே இல்லை; அதன் இடத்தில் உலக உருண்டை போன்ற ஒரு குறி மட்டும் தெரிகிறது. ரூட்டரில் விளக்குகள் எரிகின்றன. அடுத்த அறையில் மகளின் அலைபேசியில் இணையம் தடையின்றி வருகிறது. கணினியில் மட்டும் வைஃபை என்ற ஒன்று இருந்த சுவடே இல்லை.

அடுத்த பத்து நிமிடங்களில் அவர் என்ன செய்கிறார் என்பது முக்கியம். பதற்றத்தில் அலைபேசியின் தேடுபொறியில் “மடிக்கணினி வாடிக்கையாளர் சேவை எண்” என்று தேடி, முதலில் தெரியும் எண்ணை அழைப்பவர்கள் பலர். மறுமுனையில் இருப்பவர் மோசடிப் பேர்வழியாக இருந்தால், அற்பமான ஒரு பழுது கணக்கிலுள்ள பணத்தையே கொண்டுபோகும் இழப்பாக மாறிவிடும். எனவே இந்த இதழில் இரண்டு பொருள்களை ஒருசேர விளக்குகிறோம். மடிக்கணினிக்குள் அமைந்த வைஃபை, புளூடூத் சாதனங்களின் பழுதை வீட்டிலேயே படிப்படியாகக் கண்டறிவது ஒன்று. அந்த வேளையில் வங்கிக் கணக்கின் பாதுகாப்பைக் கைவிடாமல் இருப்பது மற்றொன்று. இங்கு கூறப்படும் வழிகள் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இயங்குதளங்களுக்குப் பொருந்துவன.

உள்ளே இருப்பது என்ன?

வைஃபையும் புளூடூத்தும் வெவ்வேறு வசதிகள் என்றாலும், பெரும்பாலான மடிக்கணினிகளில் இவ்விரண்டையும் ஒரே சிறு அட்டைதான் இயக்குகிறது. கணினியின் அடிப்பகுதியைத் திறந்தால், 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, தபால்தலையை ஒத்த அந்த அட்டை ஒரு செருகுவாயில் பொருத்தப்பட்டு, ஒரே ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மிக மெல்லிய மாதிரிகள் சிலவற்றில் இந்த அட்டை தனியாக இராது, தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

அட்டையின் ஒரு முனையில் இரண்டு மெல்லிய கம்பிகள் குமிழ் போன்ற இணைப்பிகளால் பொருத்தப்பட்டிருக்கும். இவை ஆன்டெனாக் கம்பிகள். பெரும்பாலான மாதிரிகளில் இவை கீல் வழியாக மேலேறித் திரையின் விளிம்பைச் சுற்றி அமைந்த ஆன்டெனாக்களைச் சென்றடைகின்றன. கணினியை நாள்தோறும் திறந்து மூடும்போதெல்லாம் இக்கம்பிகளும் வளைந்து நிமிர்கின்றன என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

இன்னொரு செய்தியும் பழுதறிய உதவும். அட்டை ஒன்றே ஆயினும், பெரும்பாலான கணினிகளில் வைஃபை ஒரு பாதையிலும், புளூடூத் உள்ளமைந்த யுஎஸ்பி பாதையிலும் கணினியோடு பேசுகின்றன. ஆகவே ஒன்று இயங்கி மற்றொன்று இயங்காமல் இருந்தால், மென்பொருளிலோ அமைப்பிலோ கோளாறு இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. இரண்டும் ஒரே நேரத்தில் மறைந்தால், அவற்றுக்குப் பொதுவான அட்டை, அதற்கு வரும் மின்சாரம், ‘ஏரோபிளேன் மோட்’ எனப்படும் விமானப் பயண நிலை ஆகியவற்றை முதலில் ஐயுற வேண்டும்.

முதலில் அன்றைய வேலை

பழுதைத் தேடுமுன், கையிலிருக்கும் அவசர வேலையை முடிக்க ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு அலைபேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அலைபேசியின் அமைப்புகளில் ‘ஹாட்ஸ்பாட்’ பகுதிக்குச் சென்று ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், அலைபேசியின் இணையம் கம்பி வழியாகவே கணினிக்குக் கிடைத்துவிடும். இதற்குக் கணினியின் வைஃபை தேவையே இல்லை. மின்னேற்றத்துக்கு மட்டும் பயன்படும் மலிவான கம்பிகளில் இது நிகழாது. தரவுப் பரிமாற்றத்துக்கும் ஏற்ற கம்பியாக இருத்தல் வேண்டும். கணினியில் லேன் செருகுவாய் இருந்தால், ரூட்டரிலிருந்து லேன் கம்பியை நேரே இணைப்பது இன்னும் எளிது.

இவ்வழியால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. வரி செலுத்துதல், கட்டணம் கட்டுதல் போன்ற பணிகள் தடைப்படாமல் நிறைவேறுகின்றன. பின்னர்த் தேவைப்படும் மென்பொருளைப் பதிவிறக்கவும் இணையம் கிடைக்கிறது. மேலும், வேலை முடிந்துவிட்டால் பதற்றம் நீங்கும். மோசடியாளர் பெரிதும் நம்பியிருப்பது நம் பதற்றத்தையே. வைஃபை இல்லை என்பதற்காக வேறொரு கணினியைத் தேடி, ரயில் நிலையம், உணவகம் போன்ற பொது இடங்களுக்குச் சென்று அங்குள்ள கணினியிலோ இலவச வைஃபையிலோ வங்கிப் பணிகளைச் செய்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நம் சொந்த அலைபேசியின் இணையம் அவற்றினும் பாதுகாப்பானது.

பழுது கணினியிலா, வெளியிலா?

ஒரே வைஃபையில் அலைபேசியை இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையம் வரவில்லையெனில் குறை ரூட்டரிலோ இணையச் சேவையிலோ உள்ளது. கணினியைத் தொட வேண்டியதே இல்லை. ரூட்டரின் மின் இணைப்பை எடுத்து, ஒரு நிமிடம் கழித்துப் பொருத்தினால் பல வேளைகளில் சீராகிவிடும்.

அலைபேசியில் வந்து கணினியில் வரவில்லையெனில், கணினித் திரையில் தெரிவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். வைஃபை இணைந்திருக்கிறது, ஆயினும் ‘நோ இன்டர்நெட்’ என்று தெரிந்தால், அட்டையும் ஆன்டெனாவும் நலமாகவே உள்ளன. குறை அமைப்புகளில் இருக்கிறது. அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை பெயர்கள் தெரிந்து நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லையெனில், அண்மையில் ரூட்டர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் அட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புதிய ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தால் அதன் பெயர் அக்கணினியில் தோன்றாது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸையும் இயக்கினால் குறை நீங்கும். எந்தப் பெயருமே தெரியவில்லை, அல்லது வைஃபை பொத்தானே காணவில்லை என்றால் மட்டும் கணினிக்குள் தேடத் தொடங்கலாம்.

சில நேரங்களில் இணையம் வரும்; வங்கியின் தளம் மட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. கணினியின் நாள்காட்டி பல ஆண்டுகள் பின்னே சென்றிருந்தால் செல்லுபடியான சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். தேதியைத் திருத்துவதே அதற்குத் தீர்வு. எச்சரிக்கையைப் புறக்கணித்துத் தளத்துக்குள் நுழைவது ஒருபோதும் தீர்வாகாது.

எளிய சோதனைகள்

முதலாவது, விமானப் பயண நிலை. விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானம் அல்லது கோபுரச் சின்னம் பொறித்த விசை ஒன்று இருக்கலாம். தூசு துடைக்கும்போதும், குழந்தைகளின் கை படும்போதும் அது தவறுதலாக அழுத்தப்படுவது உண்டு. அந்த விசையைத் தனியாகவோ ‘எஃப்என்’ விசையோடு சேர்த்தோ அழுத்திப் பார்க்கலாம். பழைய மாதிரிகள் சிலவற்றில் கணினியின் பக்கவாட்டில் இதற்கென ஒரு நகர்த்து பொத்தானே உண்டு. அது அணைக்கப்பட்டிருந்தால் மென்பொருளில் எதைச் செய்தும் பயனில்லை.

இரண்டாவது, மறுதொடக்கம். கணினியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குவதும் மறுதொடக்கமும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி இயங்கும்போது, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப் பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே மீட்கப்படுகிறது. பிழையான நிலையும் அதனுடன் மீண்டுவிடக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் அனைத்தும் முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, எஞ்சிய மின்சாரத்தை வடித்தல். கணினி அணைந்திருக்கும்போதும் கம்பியில்லா அட்டைக்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கலாம். அட்டைக்குள் இருக்கும் நிரல் இடையில் உறைந்துவிட்டால், மறுதொடக்கத்துக்கும் அது அசையாது. இதற்குக் கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜர், பென் டிரைவ் முதலிய அனைத்தையும் பிடுங்கி, கழற்றத்தக்க மின்கலம் என்றால் அதையும் எடுத்துவிட்டு, இயக்கு பொத்தானை ஏறத்தாழ அரை நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்னர் சார்ஜரைப் பொருத்திக் கணினியை இயக்கலாம். செலவு ஏதுமற்ற இந்தச் சிறு செயலால் மறைந்த வைஃபையும் புளூடூத்தும் மீண்டு வருவது உண்டு.

கணினி தரும் அறிக்கையைப் படித்தல்

இவற்றால் பயனில்லையெனில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பகுதியைத் திறக்க வேண்டும். விண்டோஸ் விசையையும் ‘எக்ஸ்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும் பட்டியலில் அது இருக்கும். அதில் ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற தலைப்பின்கீழ் வைஃபை அட்டையின் பெயரும், ‘புளூடூத்’ என்ற தலைப்பின்கீழ் புளூடூத் சாதனத்தின் பெயரும் காணப்பட வேண்டும். நாம் காணும் நிலை பின்வருவனவற்றுள் ஒன்றாக இருக்கும்.

பெயர் இருக்கிறது; அருகில் கீழ்நோக்கிய அம்புக்குறி உள்ளது. சாதனம் முடக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பெயரின்மேல் வலது சொடுக்கு செய்து ‘எனேபிள் டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பெயர் இருக்கிறது, மஞ்சள் முக்கோணம் காட்டுகிறது. அதை இருமுறை சொடுக்கினால் ஒரு குறியீட்டு எண் தெரியும். எண் 28 எனில், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் நிறுவப்படவில்லை. எண் 10 எனில், சாதனம் தொடங்க இயலவில்லை. பெரும்பாலும் இயக்கி மென்பொருளை மாற்றினால் சரியாகும். எண் 43 எனில், சாதனமே தனக்குக் கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. மேற்கூறிய மின்வடிப்பை மீண்டும் ஒருமுறை செய்து பார்த்து, அதன்பின்பும் இதே எண் வருமானால் அட்டையை ஐயுறலாம்.

பெயரே இல்லை. ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மங்கலான எழுத்தில் பெயர் தோன்றினால், அந்தச் சாதனம் முன்பு இருந்தது, இப்போது கணினிக்குத் தென்படவில்லை என்று பொருள். புளூடூத் தலைப்பே மறைந்து, யுஎஸ்பி சாதனங்களின் பட்டியலில் ‘அன்நோன் யுஎஸ்பி டிவைஸ்’ என்று புதிதாக ஒன்று தோன்றியிருந்தால், பெரும்பாலும் அதுவே நாம் தேடும் புளூடூத். தன் பெயரைக் கணினிக்குச் சொல்ல இயலாத நிலையில் அது இருக்கிறது. இங்கும் மின்வடிப்பே முதல் மருந்து.

பெயர் உள்ளது, குறையேதும் காட்டவில்லை, ஆயினும் வைஃபை அடிக்கடி அறுபடுகிறது. சாதனத்தின் பண்புகளில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதி இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டத்தில் உள்ள குறியை நீக்கிவிடுங்கள். சற்று நேரம் பயன்படுத்தாமல் விட்டபின் இணைப்பு அறுபடுவதை இது பெரும்பாலும் தடுக்கும்.

இயக்கி மென்பொருளைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உள்ளன. விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின்னர்க் கோளாறு தொடங்கியிருந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அல்லது ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் தானே அதை மீண்டும் நிறுவும். அதுவும் பயன்தராவிடில், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் கணினியின் மாதிரி எண்ணை அளித்து, உரிய மென்பொருளைப் பெறலாம். “அனைத்து டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்போம்” என்று விளம்பரம் செய்யும் முன்பின் அறியாத மென்பொருள்களை நிறுவ வேண்டா. வங்கிப் பணிகள் நடைபெறும் கணினியில் அவற்றுக்கு இடம் தருவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இறுதியாக, அமைப்புகளில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்றொரு வசதி உண்டு. அது வலையமைப்பு அமைப்புகள் அனைத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும். சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் அழிந்துவிடும். எனவே வீட்டு வைஃபையின் கடவுச்சொல் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

புளூடூத்துக்கே உரிய குறைகள்

புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையின் ஒரு பகுதியும் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. இடையூறு உள்ள அலைத்தடங்களை ஒதுக்கிவிட்டு வேறு தடங்களுக்குத் தாவும் திறன் புளூடூத்துக்கு உண்டு. ஆயினும் நெரிசல் மிகுந்தால் காதொலிப்பானில் ஒலி விட்டுவிட்டு வரும். ரூட்டர் அனுமதித்தால் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நல்ல தீர்வு. யுஎஸ்பி 3.0 வகைச் சாதனங்களும் கம்பிகளும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பக்கூடியவை. வெளிப்புற வட்டை இணைக்கும்போதெல்லாம் கம்பியில்லாச் சுட்டி தடுமாறினால், வட்டைக் கணினியின் மறுபக்கச் செருகுவாய்க்கு மாற்றிப் பாருங்கள்.

காதொலிப்பான் கணினியில் தென்படவில்லையெனில், அது ஏற்கெனவே அலைபேசியோடு இணைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அலைபேசியின் புளூடூத்தை அணைத்து, கணினியில் பழைய இணைப்பை நீக்கிவிட்டு, மீண்டும் புதிதாக இணைத்தால் பெரும்பாலும் சீராகும். பொது இடத்தில் அறியாத சாதனம் ஒன்று இணைய அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். தேவையில்லாத வேளைகளில் புளூடூத்தை அணைத்து வைப்பதே முறை.

வன்பொருளே பழுதுபட்டிருந்தால்

மென்பொருளா வன்பொருளா என்று ஐயமறத் தெளிய ஒரு வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அங்கு வைஃபை இயங்கினால் அட்டையில் பழுதில்லை. குறை விண்டோஸில் உள்ளது. பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பில் கம்பியில்லா வசதி அணைக்கப்பட்டிருக்கவில்லை, லினக்ஸிலும் அட்டை தென்படவில்லை என்றால் வன்பொருள் பழுது ஏறக்குறைய உறுதியாகிறது. இதைச் செய்யுமுன், விண்டோஸின் ‘பிட்லாக்கர்’ அல்லது சாதனக் குறியாக்கத்துக்கான 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் குறித்து வைத்திருத்தல் இன்றியமையாதது. பயாஸ் அமைப்புகளை மாற்றினால் கணினி அந்தத் திறவுகோலைக் கேட்கலாம். அது இல்லையேல் வட்டிலுள்ள கோப்புகளைத் திறக்க இயலாது போகும்.

அட்டை தெரிகிறது, ஆனால் ரூட்டரின் அருகில் மட்டுமே வைஃபை கிடைக்கிறது என்றால், ஆன்டெனாக் கம்பியை ஐயுறுங்கள். திரையோ கீலோ மின்கலமோ மாற்றப்பட்ட பின்னர் இக்குறை தொடங்கியிருந்தால், பழுதுபார்த்தவர் கம்பியை மீண்டும் பொருத்த மறந்திருக்கலாம், அல்லது கம்பி நசுங்கியிருக்கலாம். இதைப் பழுதுபார்ப்பவரிடம் தெளிவாகச் சொன்னால், தேவையின்றி அட்டையை மாற்றும் செலவு மிஞ்சும்.

அட்டையைத்தான் மாற்ற வேண்டும் என்றாலும் அது பெருஞ்செலவன்று. ஆயினும் எல்லா அட்டையும் எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. சிலவகை இன்டெல் அட்டைகள் குறிப்பிட்ட இன்டெல் செயலிகளோடு மட்டுமே இயங்கும். பழைய மாதிரிகள் சில, தம் நிறுவனம் ஏற்ற அட்டைகளைத் தவிர மற்றவற்றை ஏற்பதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் தாமே திறப்பதும் தகாது. அட்டையை மாற்ற இயலாத கணினிக்கு, யுஎஸ்பி செருகுவாயில் பொருத்தும் சிறு வைஃபை, புளூடூத் சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. இந்த ஒரு பழுதுக்காகப் புதிய கணினி வாங்க வேண்டியதில்லை.

உதவி நாடும்போது

உற்பத்தி நிறுவனத்தின் சேவை எண்ணைக் கணினியுடன் வந்த கையேட்டிலிருந்தோ அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். தேடுபொறியில் விளம்பரமாகத் தோன்றும் எண்ணை நம்ப வேண்டா. வைஃபை பழுதைச் சரிசெய்ய ஒருவர் உங்கள் வங்கி விவரத்தையோ ஓடிபியையோ யுபிஐ பின் எண்ணையோ கேட்க எந்தக் காரணமும் இல்லை. “சேவைக் கட்டணமாக ஒரு ரூபாய் மட்டும் செலுத்துங்கள்” என்று இணைப்பு ஒன்றை அனுப்பினால், அழைப்பை உடனே துண்டியுங்கள். உங்கள் திரையைத் தொலைவிலிருந்து காணும் செயலியை நிறுவச் சொன்னாலும் அவ்வாறே. அத்தகைய செயலி அலைபேசியில் இருந்தால், ஓடிபியை நீங்கள் வாய்திறந்து சொல்லவே வேண்டியதில்லை. அவர் தாமே அதைப் படித்துக்கொள்வார்.

கணினியைக் கடையில் கொடுக்குமுன், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, மின்னஞ்சல் கணக்கிலிருந்து வெளியேறி, முக்கியக் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். கணினியைச் சோதிப்பதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கித் தந்தால், உங்கள் கோப்புகளைத் திறக்க வேண்டிய தேவை அவருக்கு எழாது. கணினி திரும்பியபின் வேறொரு நம்பகமான சாதனத்திலிருந்து நெட் பேங்கிங் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நன்று. வங்கித் தளத்தைத் திறக்கும்போது முகவரியையும் கவனியுங்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி வங்கிகளின் தளங்கள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என முடியும் முகவரிக்கு மாறியுள்ளன.

பரிமாற்றத்தின் நடுவே இணைப்பு அறுந்தால்

பணம் அனுப்பும் நொடியில் வைஃபை அறுந்தால், உடனே மீண்டும் அனுப்ப வேண்டா. முதலில் குறுஞ்செய்தியையோ கணக்கு அறிக்கையையோ பார்த்து, பணம் பற்று வைக்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். யுபிஐ, ஐஎம்பிஎஸ் வழியாக அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து, பெறுநருக்குச் சேராமல் போனால், பரிமாற்றம் நடந்த நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானே திரும்ப வேண்டும் என்றும், அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்துள்ளது. திரும்பி வரவேண்டிய பணத்தைக் கேட்டு எந்தப் ‘பணம் மீட்பு’ எண்ணையும் அழைக்கத் தேவையில்லை. உங்கள் வங்கியே அதற்குப் பொறுப்பு.

மோசடிக்கு ஆளாகிவிட்டதாக ஐயம் எழுந்தால், வங்கிக்கும் 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள். வாடிக்கையாளரின் பொறுப்பு பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, இரகசிய விவரங்களை வாடிக்கையாளர் தாமே பகிர்ந்ததால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்றும், தெரிவித்தபின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும் என்றும் கூறியது. கூச்சத்தால் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நமக்கே இழப்பு.

தொடக்கத்தில் கண்ட வணிகரிடம் மீள்வோம். யுஎஸ்பி கம்பி ஒன்றை எடுத்து அலைபேசியை இணைத்து அவர் முதலில் வரியைச் செலுத்தியிருந்தால், அன்றைய கடமை முடிந்திருக்கும். அதன்பின் கணினியை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, இயக்கு பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க அவருக்குப் போதிய நேரமும் நிதானமும் இருந்திருக்கும். அப்போதும் வைஃபை திரும்பாவிட்டால், மறுநாள் காலையில் அறிந்த கடைக்கு அதை எடுத்துச் செல்லலாம். அந்த இரவில் யாரையும் அழைக்க வேண்டிய தேவை எழுந்திராது.